ஐயாயிரம் கையொப்பங்கள்

1965 ஆகஸ்டில், பதினைந்து நாள் இடைவெளியில், இரண்டு சின்னக் கட்டுரைகள் அச்சாயின. முதலாவது ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளிவந்த ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில், ஆகஸ்ட் 15 தேதியிட்டு. இரண்டாவது அமெரிக்காவின் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில், ஆகஸ்ட் 30 அன்று. இரண்டும் சொன்ன சேதி ஒன்றுதான். அண்டக்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கிற நியூட்ரினோக்களின் தடத்தைப் பூமிக்கடியில் பிடித்துவிட்டோம் என்பது. அணு உலையில் இருந்தும் முடுக்கிகளில் இருந்தும் வந்த நியூட்ரினோக்களை அதற்கு முன்பே பிடித்திருந்தார்கள். இயற்கையில் தானாகப் பிறந்த நியூட்ரினோ சிக்கியது அதுவே முதல் முறை.

இரண்டாவது கட்டுரை ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவினுடையது. 1956-ல் கிளைடு கோவனுடன் சேர்ந்து நியூட்ரினோ உண்டு என்று நிரூபித்த அதே ரைன்ஸ். அவருடைய கருவிகள் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தன. முதல் கட்டுரை கோலார் தங்கவயலில் இருந்து போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்டில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த கருவிகள் தந்த முடிவு அது. பார்த்ததில் முந்திக்கொண்டவர் ரைன்ஸ்: அவர் குழுவுக்கு முதல் தடம் பிப்ரவரி 23-ல் கிடைத்துவிட்டது. கோலாரில் அது ஏப்ரலில்தான் கிடைத்தது. ஆனால் கோலார் கட்டுரை இதழின் அலுவலகத்துக்கு ஜூலை 12-ல் போய்ச் சேர்ந்தது, ரைன்ஸின் கட்டுரை ஜூலை 26-ல். ஆகவே இன்றுவரை பாடநூல்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கின்றன.

கோலாரில் அவர்கள் செய்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வானத்திலிருந்து கொட்டும் அண்டக்கதிர் மியூவான்களைப் பாறை வடிகட்டிவிடும். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறையும். 1950-களின் தொடக்கத்திலிருந்தே பி.வி. ஸ்ரீகண்டன் போன்ற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தச் சுரங்கங்களில் இறங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் மியூவான்களை எண்ணிக்கொண்டே போனார்கள். மிக ஆழமான மட்டத்தில் வாரக்கணக்கில் கருவியை ஓட்டியும் ஒன்றும் பதிவாகவில்லை. எண்ண வந்த பொருளே இல்லாமல் போன அந்த இடம்தான் நியூட்ரினோவைத் தேட ஏற்றது என்பது அப்போது உறைத்தது. நியூட்ரினோ பூமியையே துளைத்துக்கொண்டு போகக்கூடியது. அரிதாக எப்போதாவது அது பாறையில் மோதினால் ஒரு மியூவான் பிறக்கும். வானத்து மியூவான் அந்த ஆழத்துக்கு வந்தாலும் கிட்டத்தட்ட செங்குத்தாக, மேலிருந்துதான் வர முடியும். சாய்வாக வந்தால் கடக்க வேண்டிய பாறை பல மடங்கு கூடிவிடும். பக்கவாட்டில் கிடையாக ஒரு மியூவான் ஓடினால் அது நியூட்ரினோவின் பிள்ளைதான். எனவே கருவிகளைத் தரையில் படுக்க வைக்காமல் சுவர்போல நிறுத்தினார்கள். இரு பக்கமும் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள், நடுவே வரிசை வரிசையாக நியான் குழாய்கள். துகள் கடந்துபோனால் அதன் பாதையில் உள்ள குழாய்கள் மட்டும் பளிச்சிடும், கேமரா படம் பிடித்துவிடும்.

கட்டுரையின் தலையில் 11 பெயர்கள். ஐந்து பேர் டாடா நிறுவனத்தார்: ஆச்சார், எம்.ஜி.கே. மேனன், நரசிம்மம், ரமணமூர்த்தி, ஸ்ரீகண்டன். இருவர் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் ஹினோதானி, மியாகே. நான்கு பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார். அவர்களில் ஆர்னால்டு வுல்ஃபன்டேல் பிற்காலத்தில் பிரிட்டனின் அரச வானியலாளர் ஆனார். மூன்று நாட்டார் சேர்ந்தது நட்பு பாராட்ட அல்ல. நியான் குழாய்களில் கைதேர்ந்தவர்கள் டர்ஹாமில் இருந்தார்கள். கோலாரின் ஆழத்தில் மியூவான் எண்ணும் வேலையில் மியாகே ஏற்கெனவே டாடா குழுவோடு இருந்தார். சுரங்கமும் அதில் வேலை செய்த அனுபவமும் இந்தியர்களிடம் இருந்தன. ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருந்தது.

அந்தப் பதினொரு பேரைத் தவிர இன்னும் பலர் அந்த ஆழத்தில் இருந்தார்கள். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் போய் அங்கேயே தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள். கேஜை இயக்கியவர்கள், சரிந்துவிடாமல் பாறைக்கு முட்டுக் கொடுத்தவர்கள், காற்றையும் தண்ணீரையும் கீழே கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். சுரங்கம் உயிரோடு இருந்ததால்தான் அந்த ஆழத்தில் இயற்பியலே நடந்தது. கட்டுரையின் தலையில் அவர்கள் பெயர் இல்லை. அன்றைய வழக்கத்தில் அப்படி ஒரு கேள்வியே எழவில்லை. இந்த அத்தியாயம் முழுவதும் எனக்கு இருக்கும் கேள்வி அதுதான்: ஒரு கண்டுபிடிப்பின் தலையில் யார் பெயரெல்லாம் இருக்க வேண்டும்? துகள் இயற்பியலைப்போல இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய துறை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கோலாருக்கு வருவதற்கு முன் மேனன் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செசில் பவலிடம் ஆய்வு செய்தவர். பவலின் ஆய்வுக்கூடம் வித்தியாசமான இடம். அங்கே முடுக்கி இல்லை, பெரிய இயந்திரங்கள் இல்லை. கெட்டியான புகைப்படக் குழம்பு பூசிய தகடுகளை மலையுச்சியில் வைத்து அண்டக்கதிர்கள் விழவிடுவார்கள். கழுவி எடுத்த பிறகு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். துகள் போன பாதை வெள்ளி மணிகளின் கோடாகத் தெரியும். தேடிய கண்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. பவல் அவர்களை நுண்ணோக்கிகளின் முன் வரிசையாக அமர்த்தினார். 1947-ல் பையான் என்ற துகளின் முதல் தடத்தைக் கண்டவர் மரியெட்டா குர்ஸ் என்ற பெண். கட்டுரையின் தலையில் லாட்டஸ், மியூர்ஹெட், ஓக்கியாலினி, பவல் என்று நான்கு பேர். லாட்டஸ் பிரேசில்காரர், ஓக்கியாலினி இத்தாலியர். நோபல் பரிசு 1950-ல் பவலுக்கு மட்டும் போனது. ஆனாலும் பிரிஸ்டலில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: தடத்தின் படத்தை அச்சிடும்போது, அதைக் கண்டெடுத்த பெண்ணின் பெயரையும் படத்தோடு போடுவார்கள். கட்டுரையின் தலையில் இடம் இல்லை, படத்தின் அடியில் இருந்தது. அதைக்கூடச் செய்யாத ஆய்வுக்கூடங்கள் ஏராளம்.

குழம்புத் தகடுதான் பல நாட்டு ஆய்வுக்கூடங்களைச் சேர்த்துவைத்தது. 1954-ல் வட இத்தாலியில் ஒரு பலூனைப் பறக்கவிட்டார்கள். அதில் அடுக்கடுக்காக 60 கிலோவுக்கும் மேல் புகைப்படக் குழம்பு. ‘ஜி-ஸ்டாக்’ என்று அதற்குப் பெயர். இறங்கிய அடுக்கை ஒரே ஆய்வுக்கூடம் தேடி முடிப்பதென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும். எனவே பிரிஸ்டல், மிலான், பதோவா என்று பல ஊர்களுக்குப் பங்கு பிரித்தார்கள். ஓர் ஊரின் தகட்டில் தொடங்கும் தடம் இன்னோர் ஊரின் தகட்டில் முடியலாம். ஆகவே எல்லாத் தகடுகளிலும் ஒரே அளவுக் கட்டம் அச்சிட்டு, எல்லாரும் ஒரே முறையில் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1955-ல் வந்த கட்டுரையில் 30-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. மேனனும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டில்தான் அவர் பம்பாய்க்கு வந்து டாடா நிறுவனத்தில் சேர்ந்தார்.

அதன் பிறகு எண்ணிக்கை ஏறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவி பெரிதாகப் பெரிதாகப் பெயர்களும் கூடின. 1964-ல் பீட்டர் ஹிக்ஸ், பின்னால் தன் பெயரைப் பெற்ற துகளைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைத் தனியாளாக எழுதினார். முதலில் அனுப்பிய இதழ் அதைத் திருப்பி அனுப்பிவிட, திருத்தி வேறு இதழுக்கு அனுப்பினார். ஒன்றரைப் பக்கத்தில் முடிகிற விஷயம். கோட்பாட்டுக்காரருக்குத் தாளும் பேனாவும் போதும். ஆனால் அவர் சொன்ன துகளைத் தேடுகிறவர்களுக்கு அது போதாது. 1983-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ போசான் என்ற துகளைக் கண்ட யுஏ1 குழுவின் கட்டுரையில் 130-க்கு மேற்பட்டவர்கள். 1995-ல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் டாப் குவார்க்கைக் கண்ட இரு குழுக்களிலும் ஏறத்தாழ 400 பேர் வீதம். 2012-ல் செர்னில் ஹிக்ஸ் துகளை அறிவித்த அட்லஸ், சிஎம்எஸ் குழுக்களின் கட்டுரைகளில் ஏறத்தாழ 3000 பேர் வீதம். கடைசியாக, 2015 மே 14 அன்று, அந்த இரு குழுக்களும் தங்கள் அளவீடுகளைச் சேர்த்து ஹிக்ஸின் நிறை 125.09 கிகா எலெக்ட்ரான் வோல்ட், பிழை 0.24 என்று அறிவித்த கட்டுரை. ஆசிரியர்கள் 5154 பேர். மொத்தம் 33 பக்கங்கள். அதில் ஆய்வும் மேற்கோள்களும் 9 பக்கங்கள். மிச்சம் 24 பக்கமும் பெயர்களும் அவர்கள் சார்ந்த நிறுவனங்களும்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஐயாயிரம் பேர் சேர்ந்து ஒன்பது பக்கம் எழுதினார்களா என்று கேட்டார்கள். எழுதியவர்கள் சிலர்தான், உண்மை. ஆனால் ஆசிரியர் என்றால் எழுதுகிறவர் என்று வைத்துக்கொண்டால்தான் அது வேடிக்கையாகத் தெரியும். சிலிக்கான் துண்டு ஒன்று எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தால்தான் அந்த 0.24 என்ற எண் சரியாக இருக்கும். கதிர்வீச்சில் ஒரு படிகத்தின் ஒளி எவ்வளவு மங்கியது என்று தினமும் அளந்தவர் சரியாக அளந்திருந்தால்தான் சரியாக இருக்கும். நொடிக்குக் கோடிக்கணக்கில் நடக்கும் மோதல்களில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கும் நிரலை எழுதியவர் தவறு செய்யாமல் இருந்திருந்தால்தான் சரியாக இருக்கும். இவர்களில் யாரை விடுவது?

பெயர் போடுவதற்கு இந்தக் குழுக்களில் கறாரான விதிகள் உண்டு. அட்லஸில் புதிதாகச் சேர்கிறவர் உடனே ஆசிரியர் ஆகிவிட முடியாது. ஓராண்டுக் காலம், தன் நேரத்தில் கணிசமான பகுதியைக் கருவியைப் பராமரிக்கவோ, அளவீட்டைச் சரிபார்க்கவோ, மென்பொருள் எழுதவோ செலவிட்டுத் தகுதி பெற வேண்டும். அதன் பிறகு குழு வெளியிடும் எல்லாக் கட்டுரையிலும் அவர் பெயர் வரும், அவர் தொடாத ஆய்விலும் வரும். குழுவை விட்டுப் போனாலும் சில காலம் வரும், ஏனென்றால் அவர் கட்டியதைக் கொண்டுதான் இன்னும் அளக்கிறார்கள். இறந்துபோனவர்களின் பெயர்களும் வரும். பட்டியலில் சில பெயர்களின் மேல் ஒரு சிறு குறி இருக்கும், பட்டியலின் கடைசியில் அதற்கு விளக்கம்: காலமானார். அந்தக் குறிகளைக் காணும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுகிறேன். ஓர் உணர்கருவியைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்க இருபது ஆண்டு ஆகும். தொடங்கியவர்கள் எல்லாரும் முடிவைப் பார்ப்பதில்லை.

பெயர்களின் வரிசை ஆங்கில அகர வரிசை. அட்லஸின் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் முதல் பெயர் ஒரே ஒருவருடையதாக இருந்தது, அவருடைய குடும்பப்பெயரின் முதல் இரண்டு எழுத்தும் ‘ஏ’. அவ்வளவுதான் காரணம். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்று கிளம்பும் மனத்தாங்கல் நமக்குத் தெரியும். உயிரியலிலும் மருத்துவத்திலும் முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்று நடக்கும் இழுபறி அந்த வகை. துகள் இயற்பியல் அந்தச் சண்டையை அகர வரிசையால் தீர்த்துவிட்டது. தீர்த்ததற்கு ஒரு விலையும் உண்டு. முப்பது வயதில் வேலை தேடும் ஒருவர், மூவாயிரத்தில் தான் யார் என்று எப்படிக் காட்டுவார்? அதற்குக் குழுவுக்குள்ளேயே இன்னொரு வகை எழுத்து ஓடுகிறது. ஒவ்வொரு ஆய்வுக்கும் பின்னால் உள்குறிப்புகள் இருக்கும். அவற்றில் அந்த வேலையைச் செய்த ஐந்து பேரோ பத்துப் பேரோதான் கையெழுத்திடுவார்கள். யார் என்ன செய்தார் என்பது துறைக்குள் இருப்பவர்களுக்கு அதிலிருந்தும் பரிந்துரைக் கடிதங்களிலிருந்தும் தெரிந்துவிடும். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வழி இல்லை. இந்தியாவின் கல்லூரித் தேர்வுக்குழு ஒன்றின் முன் உட்காரும் இளைஞருக்கு இது சின்னச் சிக்கல் அல்ல.

இன்னொரு விலை பணம். கருவியைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஆகும் செலவை, முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் கொண்டு நிறுவனங்களிடையே பிரிக்கிறார்கள். ஆசிரியர் கூடினால் கட்டணமும் கூடும். மாணவர்களுக்கு விலக்கு உண்டு. ஜெர்மனியின் பல்கலைக்கழகத்துக்கு அது வரவுசெலவில் ஒரு வரி. ரூபாயில் செலவழிக்கும் துறைத்தலைவருக்கு, எத்தனை பேரைப் பட்டியலில் வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட வைக்கும் தொகை.

கையொப்பத்துக்கு உண்மையான எடை உண்டு என்பதை 2011-ல் உலகமே பார்த்தது. இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் இருந்த ஓபெரா குழு, செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தூரம் பாறைவழி வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்துவிட்டதாகச் செப்டம்பர் 22 அன்று கட்டுரை போட்டது. ஐன்ஸ்டைன் தவறா என்று செய்தித்தாள்கள் அலறின. ஆனால் குழுவின் உள்ளேயே சிலர், இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தக் கட்டுரையில் தங்கள் பெயரைப் போட மறுத்திருந்தார்கள். சில மாதங்களில் காரணம் தெரிந்தது. நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழை வடம் சரியாகச் செருகப்படாமல் இருந்தது. 2012 மார்ச் இறுதியில் குழுவின் தலைவரும் ஆய்வு ஒருங்கிணைப்பாளரும் பதவி விலகினார்கள். பெயர் போட மறுத்த அந்தச் சிலரை நான் மிக மதிக்கிறேன். பெரிய பட்டியலில் பெயர் வருவது தானாக நடப்பது. வேண்டாம் என்று எடுப்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களிடம் இந்தப் பட்டியல்கள் பட்ட பாடு தனிக்கதை. ஹிக்ஸ் கட்டுரைகளை ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டினார்கள். அந்த மேற்கோள் ஒவ்வொன்றும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கிலும் முழுசாக ஏறியது. 2013-ல் ‘டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்’ தரவரிசையில் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் இந்திய ஐஐடிகளை எல்லாம் தாண்டி நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது. சிஎம்எஸ் குழுவில் அதன் இயற்பியலாளர்கள் நெடுங்காலமாக உழைத்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் அதன் பிற துறைகளைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. 2015-ல் தரவரிசைக்காரர்கள், ஆயிரம் ஆசிரியர்களுக்கு மேல் உள்ள 649 கட்டுரைகளைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். பஞ்சாப் சரிந்தது. அடுத்த ஆண்டு பங்கு பிரித்துக் கணக்கிடும் முறைக்கு வந்தார்கள். ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்த கட்டுரையையே எண்ண மறுத்துக்கொண்டு, அறிவியலை அளக்கிறோம் என்று சொன்னார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

பெயர்ப் பட்டியலைவிட, இந்தத் துறை உலகத்துக்குச் செய்த பெரிய உபகாரம் வேறொன்று என்று நினைக்கிறேன். கட்டுரையை அச்சாகும் முன்பே எல்லாருக்கும் கொடுத்துவிடுவது. இதழில் வர ஆறு மாதம் ஆகும், அதுவரை காத்திருந்தால் அடுத்த சோதனை தவறிவிடும். எனவே 1950, 60-களிலேயே இயற்பியலாளர்கள் தட்டச்சுப் பிரதியைப் படியெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். யாருக்கு அனுப்புவது என்ற பட்டியலில் பெரிய பல்கலைக்கழகங்கள் முதலில் வரும். இந்தியாவில் இருப்பவர் அந்தப் பட்டியலில் இருந்தால் பாக்கியம். இதழ்களோ கப்பல் தபாலில் மாதக்கணக்கில் பயணம் செய்து வரும். பம்பாயிலோ சென்னையிலோ ஒருவர் படித்துவிட்டு யோசிக்கத் தொடங்கும்போது, கேள்விக்கு வேறெங்கோ விடை வந்திருக்கும்.

இந்த முன்பிரதிகளை ஒழுங்குபடுத்தியவர்கள் இயற்பியலாளர்கள் அல்ல, நூலகர்கள். செர்ன் நூலகத்தில் லூயிசெல்லா கோல்ட்ஷ்மிட்-கிளெர்மோன், கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூட நூலகத்தில் லூயீஸ் ஆடிஸ். வந்த முன்பிரதிகளை எல்லாம் எண்ணிட்டு அடுக்கி, 1969-லிருந்து ஸ்லாக் வாரந்தோறும் ஒரு பட்டியல் வெளியிட்டது. கூடவே ‘எதிர் முன்பிரதிகள்’ என்று இன்னொரு பட்டியல்: எந்த முன்பிரதி எந்த இதழில் அச்சாகி, முன்பிரதியாக இருப்பதை விட்டுவிட்டது என்பதைச் சொல்ல. துகளுக்கு எதிர்த்துகள் உண்டென்றால் முன்பிரதிக்கும் ஒன்று வேண்டும் என்ற இயற்பியல் விளையாட்டு. 1974-ல் அந்தப் பட்டியல் கணினிக்கு ஏறி ‘ஸ்பையர்ஸ்’ என்ற தரவுத்தளம் ஆனது. 1991 டிசம்பரில், அமெரிக்காவின் முதல் இணையத் தளம் ஸ்லாக்கில் பிறந்ததற்குக் காரணமே, இந்த ஸ்பையர்ஸை எல்லாரும் எளிதாகத் தேட வேண்டும் என்பதுதான்.

அதே 1991-ல், ஆகஸ்ட் 14 அன்று, லாஸ் அலமாஸில் பால் கின்ஸ்பார்க் ஒரு மின்னஞ்சல் தானியங்கியை ஓடவிட்டார். கட்டுரையை அனுப்பினால் வைத்துக்கொள்ளும், கேட்டவருக்குத் திருப்பி அனுப்பும். அதுதான் பின்னால் ‘ஆர்க்கைவ்’ என்று பெயர் பெற்றது. டொனால்டு கனூத் எழுதிய ‘டெக்’ என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருள் அந்தக் காலத்துக்குள் பரவியிருந்தது, அதனால் கணிதக் குறிகள் நிறைந்த கட்டுரைகூட வெறும் எழுத்துக்களாகத் தொலைபேசிக் கம்பியில் போக முடிந்தது. யார் அனுப்பினார், எந்த ஊர் என்று அந்த இயந்திரம் பார்க்கவில்லை. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் பல ஆண்டுகள் ஆர்க்கைவின் இந்தியப் பிரதியைத் தன் கணினிகளில் வைத்திருந்தது. கடல் கடந்த இணைப்பு மந்தமாக இருந்த காலத்தில், மதுரையிலோ திருச்சியிலோ இருந்த மாணவர், பிரின்ஸ்டனில் நேற்று எழுதியதைத் தரமணியிலிருந்து இன்று இறக்கிக்கொள்ளலாம். சந்தா கட்டாத கல்லூரியிலும் அது நடந்தது. 2022 தொடக்கத்தில் ஆர்க்கைவில் இருந்த கட்டுரைகள் 20 லட்சத்தைத் தாண்டின. இன்று கணினித் துறையும் கணிதமும் அதில்தான் குடியிருக்கின்றன.

இதழ்களை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குச் சந்தா? ஆனால் மதிப்பீட்டாளர்களை வைத்துச் சரிபார்க்கும் வேலையை இதழ்கள்தான் செய்கின்றன. 2014 ஜனவரியில் செர்ன் முன்னின்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. நூலகங்கள் சந்தாவாகக் கட்டிய பணத்தை ஒன்றாகத் திரட்டி, இதழ்களுக்கு நேரடியாகக் கொடுப்பது. பதிலுக்கு இதழ்கள் துகள் இயற்பியல் கட்டுரைகளை யாரும் படிக்கத் திறந்துவிடுவது. ஆசிரியர் ஒரு காசும் கட்ட வேண்டாம், வாசகரும் வேண்டாம். 2018-ல் அமெரிக்காவின் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ குடும்பமும் சேர்ந்தது. மற்ற துறைகளில் திறந்த வெளியீடு என்ற பெயரில் கட்டுரை ஆசிரியரின் தலையிலேயே லட்சக்கணக்கில் கட்டணத்தைச் சுமத்துகிறார்கள். அதைப் பார்க்கும்போது, ஒரு துறை முழுவதும் ஒன்றாகப் பேசினால் என்ன சாதிக்க முடியும் என்பது புரியும்.

பட்டியலுக்கே திரும்புகிறேன். 5154 என்பது மிக நீளம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. அது இன்னும் போதாது. அட்லஸ், சிஎம்எஸ் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் அந்த உணர்கருவிகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். முடுக்கியைக் கட்டி ஓட்டியவர்கள் பெரும்பாலும் இல்லை. அந்த முடுக்கியின் 27 கிலோமீட்டர் வளையத்தில் 1232 இருமுனைக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. அவற்றை மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவுக்கு நகர்த்தி நேராக்கித் தாங்கி நிற்பவை ஏறத்தாழ 7000 ஜாக்குகள். இந்தூரின் அணுசக்தித் துறை ஆய்வு மையம் பொறுப்பேற்று, இந்தியத் தொழிற்சாலைகளில் செய்து அனுப்பியவை அவை. அந்த இரும்பைக் கடைந்தவர்கள், இரவில் கட்டுப்பாட்டு அறையில் விழித்திருந்து கற்றையைச் சுற்றவிட்டவர்கள், ஹீலியத்தைக் குளிர வைத்தவர்கள் எல்லாருக்கும் கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது. சாம்பியன் ரீஃபில் முட்டுக் கொடுத்தவர்கள் 1965-ல் நின்ற இடத்தில்தான் இவர்களும் நிற்கிறார்கள். பிரிஸ்டலில் படத்தோடு பெயர் போட்டதுபோல, எல்லைக் கோட்டை இன்னும் ஓர் அடி தள்ளிப் போடலாம். பக்கங்கள் இப்போது தாளில்கூட இல்லையே.

எல்லைக் கோடு எவ்வளவு கனமானது என்பது 2022-ல் தெரிந்தது. செர்ன் 1954-ல் 12 நாடுகள் சேர்ந்து தொடங்கியது. பத்தாண்டுக்கு முன்வரை ஒன்றையொன்று குண்டு போட்ட நாடுகளும் அவற்றில் இருந்தன. இராணுவ வேலை எதுவும் இங்கே கூடாது, முடிவுகளை எல்லாம் வெளியிட வேண்டும் என்று அதன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. பனிப்போரின் நடுவே, 1967-ல், சோவியத் யூனியனின் செர்புகோவ் முடுக்கியில் வேலை செய்யவும் செர்ன் உடன்பாடு செய்துகொண்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, முதல் முறையாகப் பெயர்ப் பட்டியல் முடங்கியது. ரஷ்ய நிறுவனங்களின் பெயரோடு சேர்ந்து தங்கள் பெயரும் அச்சில் வருவதை உக்ரைனியர்களும் வேறு சிலரும் ஏற்கவில்லை. பத்து, இருபது ஆண்டுகளாகத் தோளோடு தோள் நின்று கருவியைக் கட்டிய ரஷ்ய சகாக்களின் பெயரை அவர்கள் நாட்டு அரசின் செயலுக்காக எடுத்துவிடுவது அநியாயம் என்று வேறு பலர் சொன்னார்கள். இரு பக்கமும் சொன்னதில் நியாயம் இருந்தது. முடிவு கிட்டாமல், செர்னின் நான்கு பெரிய குழுக்களும் கட்டுரைகளை ஆசிரியர் பட்டியலே இல்லாமல், ‘அட்லஸ் கூட்டுக்குழு’ என்பது போன்ற ஒற்றைப் பெயரில் ஆர்க்கைவில் மட்டும் போட்டன. இதழ்களில் அச்சாகாமல் கட்டுரைகள் மாதக்கணக்கில் குவிந்தன. முனைவர் பட்டத்துக்கு அச்சான கட்டுரை வேண்டும் என்ற நாடுகளின் மாணவர்கள் தவித்தார்கள்.

ஏறத்தாழ ஓராண்டு வாதாடிய பிறகு, 2023 தொடக்கத்தில் ஒரு வழி பிறந்தது. ஆட்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும், ஒவ்வொருவருக்கும் உள்ள ஆய்வாளர் அடையாள எண்ணோடு. ரஷ்ய, பெலாரஸ் நிறுவனங்களின் பெயர் இருக்காது. அந்த இடத்தில், செர்னுடன் ஒத்துழைப்பு உடன்பாடு உள்ள ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்ற பொதுவான ஒரு வரி மட்டும். குவிந்திருந்த கட்டுரைகள் அதன் பிறகு ஒவ்வொன்றாக இதழ்களுக்குப் போயின.

2024 நவம்பர் 30-ல் ரஷ்யாவுடனான செர்னின் உடன்பாடு முடிந்தது. செர்னில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரஷ்ய ஆய்வாளர்களில் சிலர் வேறு நாட்டு நிறுவனங்களில் இடம் தேடிக்கொண்டு குழுக்களில் தொடர்ந்தார்கள், மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். மாஸ்கோவுக்கு வடக்கே டூப்னாவில், சோவியத் காலத்தில் 1956-ல் பல நாடுகள் சேர்ந்து நிறுவிய அணு ஆய்வு நிலையத்துடன் இருந்த உடன்பாட்டை மட்டும் செர்ன் முறிக்கவில்லை. அது ரஷ்ய நிறுவனம் அல்ல, பன்னாட்டு நிறுவனம் என்பது காரணம். அந்த வாசல் வழியாக டூப்னாவைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.